ஃபைனல் ஃபேண்டசி 7 ரீமேக்: மெனு சண்டை ஆக்‌ஷன் ஆனது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997-இல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் முதல் பிளேஸ்டேஷனுக்காக ஃபைனல் ஃபேண்டசி 7 கேமை வெளியிட்டது. 2020 ஏப்ரல் 10 அன்று, எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆகியிருந்த அதே நிறுவனம் அதன் கதையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, பிளேஸ்டேஷன் 4-க்கு ஆக்‌ஷன் ஆர்பிஜியாக (பாத்திரமேற்று ஆடும் கேமாக) மறுபடி உருவாக்கியது. மெனுவில் கட்டளை தேர்ந்தெடுத்து ஆடிய ஒரு கேமை, பட்டன் தட்டி அடித்து ஆடும் கேமாக மாற்றும்போது எதெல்லாம் மாறியாக வேண்டும் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கதை பற்றிய கேள்வி ஒன்றில் மட்டும் லேசான ஸ்பாய்லர் உண்டு, அங்கே சொல்லிவிடுகிறேன்.

பழையதை நான் ஆடியதே இல்லை. அதில் அப்படி என்ன இருக்கிறது?

மிட்கார் என்று ஒரு நகரம். எஃகுத் தட்டுகளின் மேல் வசதியானவர்கள் வாழ்கிறார்கள், தட்டுகளுக்கு அடியில் வெயில் படாத சேரிகள். ஷின்ரா என்ற நிறுவனம் பூமியின் உயிர்ச்சத்தான மாகோவை உறிஞ்சி மின்சாரம் தயாரிக்கிறது. அதை எதிர்க்கும் ஒரு சிறு குழுவுக்குக் கூலிக்கு வாள் சுழற்ற வருகிறான் கிளவுட். கதை அங்கே தொடங்கி உலகம் முழுக்கப் பரவுகிறது.

யோஷினோரி கிடாசே இயக்கினார், பாத்திரங்களை வரைந்தவர் டெட்சுயா நொமுரா, இசை நொபுவோ உயேமாட்சு. மூன்று சிடியில் வந்தது. ஜப்பானுக்கு வெளியே பலருக்கும் ஜப்பானிய ஆர்பிஜி என்றால் என்ன என்று காட்டியதே இந்த கேம்தான். 2005-இல் பிளேஸ்டேஷன் 3-இன் திறமையைக் காட்டுவதற்காக இதன் தொடக்கக் காட்சியைப் புதிதாகச் செய்து இ3 கண்காட்சியில் போட்டார்கள். அது வெறும் தொழில்நுட்பச் சோதனைதான். ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை, பத்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 இ3-இல்தான் முறையான அறிவிப்பு வந்தது.

ரீமாஸ்டர், ரீமேக் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ரீமாஸ்டரில் உள்ளே ஓடுவது பழைய கேம், படத்தையும் ஒலியையும் துலக்கியிருப்பார்கள். ரீமேக்கில் எல்லாமே புதிதாக எழுதப்படும். அதிலும் சில ரீமேக்குகள் பழைய விதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும், சில விதிகளையே மாற்றும். இது இரண்டாம் வகை.

புது கிராபிக்ஸ் போட்டு, சண்டையைப் பழையபடியே விட்டிருக்கலாமே?

அதிகம் வரும் கேள்வி இது. கோபத்தோடு வருவதும் இதுதான்.

1997-இன் கிளவுட் சில பல பலகோணங்களால் ஆன பொம்மை. சண்டையில் மூன்று பொம்மைகள் வரிசையாக நிற்கும். ஒன்று ஓடிப்போய் வெட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வரும். அடுத்து எதிரி வந்து அடிக்கும், இவர்கள் நின்று வாங்கிக்கொள்வார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை, ஏனென்றால் கண் அதைச் சண்டையாகப் பார்க்கவில்லை, சண்டைக்கான ஒரு குறியீடாகப் பார்த்தது. அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் முடி அசைய, மூச்சு வாங்க நிற்கும் ஒரு ஆளை அதே வரிசையில் நிறுத்தினால், “தலைக்கு மேல் வாள் வருகிறது, நகர மாட்டாயா?” என்று கேட்கத் தோன்றும். உருவம் நிஜத்தை நெருங்க நெருங்க, நடத்தையும் நிஜமாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆக்‌ஷன் கேம் வாங்குபவர்களையும் பிடிக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

ஆனால் இதைச் சட்டமாக்க மாட்டேன். 2024-இல் வந்த டிராகன் குவெஸ்ட் 3-இன் எச்டி-2டி ரீமேக் டர்ன் பேஸ்டு சண்டையை, அதாவது ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்து அடிப்பதை, தொடவே இல்லை. அதன் ஆட்கள் இன்னும் பிக்சல் உருவங்கள், குறியீடு குறியீடாகவே இருக்கிறது. அதே வருடம் பெர்சோனா 3 ரீலோடும் முறை வைத்தே அடித்தது. அது அனிமே பாணியில் தன் மெனுவையே ஒரு அலங்காரமாக ஆக்கிக்கொண்டது. ஸ்கொயர் எனிக்ஸுக்கு வேறு வழியே இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் தேர்ந்தெடுத்த தோற்றத்துக்கு இதுதான் பொருந்தியது.

டர்ன் பேஸ்டை ரியல் டைமாக மாற்றுவது நிரல் அளவில் பெரிய வேலையா?

சில நேரம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன வேலை. டயாப்லோ என்ற கேம் முதலில் டர்ன் பேஸ்டாகத்தான் உருவானது. பிளிசார்டு நிறுவனம் அதை ரியல் டைமாக்க (நேரம் நிற்காமல் ஓடும்படி மாற்ற) சொன்னபோது, அதை உருவாக்கிக்கொண்டிருந்த டேவிட் பிரெவிக் முரண்டு பிடித்தார். பிறகு உட்கார்ந்து மாற்றிப் பார்த்தால் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டதாக அவரே 2016-இல் ஒரு உரையில் சொன்னார். ஒரு எலும்புக்கூட்டைச் சொடுக்கியதும் வீரன் நடந்துபோய் அடித்து நொறுக்க, அந்த நொடியிலேயே இதுதான் சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம்.

அது கேம் வெளிவருவதற்கு முன்பு நடந்த மாற்றம் என்பதைக் கவனியுங்கள். யாருக்கும் பழைய நினைவு கிடையாது, ஒப்பிட எதுவும் இல்லை. இருபது வருடம் மக்கள் மனதில் ஊறிய கேமில் கைவைப்பது வேறு விஷயம். அங்கே கடிகாரத்தை ஓடவிடுவது ஆரம்பம் மட்டுமே. டர்ன் பேஸ்டில் நேரம் ஆடுபவரின் சொத்து. நீங்கள் யோசிக்கும்வரை உலகம் காத்திருக்கும். ஆக்‌ஷனில் நேரம் யாருக்காகவும் நிற்காது. மருந்து, மந்திரம், கூட்டாளிகள், எதிரியின் பலவீனம் என்று பழைய கேமில் இருந்த எல்லாமே நேரம் நிற்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

பழைய ஃபைனல் ஃபேண்டசி 7 சுத்தமான டர்ன் பேஸ்டு இல்லை என்கிறார்களே?

சரிதான். அதில் இருந்தது ஏடிபி (ஆக்டிவ் டைம் பேட்டில்) என்ற முறை. ஹிரோயுகி இட்டோ வடிவமைத்து, 1991-இல் நான்காம் பாகத்தில் அறிமுகமானது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை மெதுவாக நிரம்பும், நிரம்பியதும் கட்டளை கொடுக்கலாம். நீங்கள் தயங்கினால் எதிரி அடித்துவிடுவான். மந்திரப் பட்டியலைப் புரட்டும்போது நேரம் நிற்கட்டும் என்று வேண்டுமானால் அமைத்துக்கொள்ளலாம். ஆக, கடிகாரம் அப்போதே பாதி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரீமேக் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைத்தது அங்கேதான்.

சரி, ரீமேக்கில் அந்த ஏடிபி எப்படி வேலை செய்கிறது?

சதுர பட்டனைத் தட்டினால் வெட்டு விழும். தடுக்கலாம், உருண்டு விலகலாம். இதற்கெல்லாம் செலவே இல்லை. ஆனால் இந்த வெட்டுகளால் மட்டும் பெரிய எதிரி எவனும் சாக மாட்டான். வெட்ட வெட்ட ஏடிபி பட்டை வேகமாக நிரம்பும், சும்மா இருந்தால் நத்தை வேகத்தில் நிரம்பும். ஒரு கட்டம் நிரம்பினால்தான் மந்திரம், திறன், மருந்து எதையும் பயன்படுத்த முடியும். கட்டளை மெனுவைத் திறந்ததும் உலகம் ஏறக்குறைய நின்றுவிடும். தீப்பொறி காற்றில் ஊர்ந்துகொண்டிருக்க, நீங்கள் பழையபடி நிதானமாக யோசிக்கலாம்.

அதாவது, பிடுங்கிக்கொண்ட நேரத்தைச் சில்லறையாகத் திருப்பித் தருகிறார்கள், அதையும் சண்டை போட்டுச் சம்பாதிக்க வேண்டும். 2008-இல் ஃபால்அவுட் 3 செய்ததும் இதன் உறவுக்காரன்தான். டர்ன் பேஸ்டாகத் தொடங்கிய அந்த வரிசை ரியல் டைமுக்கு வந்தபோது, நேரத்தை நிறுத்திக் குறி பார்க்கும் வாட்ஸ் வசதியை வைத்துக்கொண்டது. அதற்கும் ஆக்‌ஷன் புள்ளிகள் செலவாகும்.

ஒரு சண்டையை வைத்து வித்தியாசத்தைச் சொல்ல முடியுமா?

முதல் பாஸையே (பெரிய எதிரியையே) எடுத்துக்கொள்வோம். மாகோ உலைக்குள் வரும் தேள் இயந்திரம். 1997-இல் அதன் தந்திரம் ஒன்றே ஒன்று: வால் மேலே தூக்கியிருக்கும்போது அடித்தால் லேசரால் எல்லோரையும் பொசுக்கும், எனவே வால் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா இருப்பதும் ஒரு கட்டளை என்று சொல்லிக்கொடுத்த சண்டை அது. மின்னல் மந்திரம் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

ரீமேக்கில் அதே தேள் சுவரில் தாவி ஏறுகிறது, ஏவுகணை விடுகிறது. பாதியில் தன்னைச் சுற்றி ஒரு தடுப்புப் புலத்தைப் போட்டுக்கொள்கிறது. பின்பக்கம் சுற்றிப்போய் அதை உண்டாக்கும் கருவியை உடைத்தால்தான் மேலே போக முடியும். அப்புறம் கூரையிலிருந்து இடிபாடுகள் விழுகின்றன. வால் லேசர் வரும்போது அவற்றின் பின்னால் ஒளிய வேண்டும். பழைய “பொறு” என்ற பாடம் இங்கே “மறை” என்று ஆகியிருக்கிறது. மின்னல் இன்னும் வேலை செய்கிறது. பழையதை ஆடியவர் கை தானாகவே அந்த மந்திரத்துக்குப் போகும், ரீமேக் அதற்கு மரியாதை கொடுக்கிறது. இரண்டு நிமிட வேலை இப்போது ஒரு முழு அத்தியாயத்தின் உச்சக்கட்டம்.

பழைய பழக்கத்தில் ஆடினால் செத்துச் செத்து விழுகிறேன். ஏன்?

பெரும்பாலும் குணப்படுத்தும் விதம்தான் காரணம். பழையதில் ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) குறைந்தால் உங்கள் முறை வரும், மருந்து கொடுப்பீர்கள், வேலை முடிந்தது. ரீமேக்கில் ஒரு போஷன் குடிக்கவே ஏடிபி கட்டம் ஒன்று வேண்டும். கட்டம் காலியாக இருக்கும்போது அடி வாங்கிவிட்டால், ஓடி ஒளிவதால் பெரிய பயன் இல்லை. குற்றுயிராக இருக்கும் நேரத்தில்தான் போய் அடித்துப் பட்டையை நிரப்ப வேண்டும். அதோடு, மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரி அடித்தால் அது கலைந்துபோகும். ஏடிபியும் போச்சு, எம்பியும் (மந்திரப் புள்ளிகளும்) போச்சு.

அதனால் ஒரு கட்டத்தை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் பெரும்பாலும் நீங்கள் இயக்கும் ஆளைத்தான் துரத்துவார்கள். கிளவுட்டை இயக்கிக்கொண்டே, தூரத்தில் நிற்கும் கூட்டாளி ஏரித்துக்கு மெனு வழியாகக் கட்டளை கொடுத்தால் அவள் மந்திரம் கலையாமல் முடியும். எம்பி தட்டுப்பாடு என்றால் பிரார்த்தனை மெட்டீரியாவை (மந்திரமோ திறனோ தரும் உருண்டை) யாரிடமாவது மாட்டிவிடுங்கள். இரண்டு கட்டம் கேட்கும், எம்பி கேட்காது, மூவருக்கும் சேர்த்துக் குணமாகும்.

மூன்று பேரையும் நானேவா பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஒருவரை நீங்கள், மற்ற இருவரை கணினி. அவர்கள் கவனமாகத் தடுப்பார்கள், சாவது குறைவு, ஆனால் அவர்களாக ஏடிபியைச் செலவழிக்க மாட்டார்கள், அவர்களின் பட்டையும் மெதுவாகத்தான் நிரம்பும். ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டே ஆட வைக்கத்தான் இந்த ஏற்பாடு. கிளவுட்டை மட்டுமே பிடித்துக்கொண்டு முழு கேமையும் முடிக்க நினைப்பவர்கள் பாதியில் சலித்துப்போவது இதனால்தான்.

என்னைக் கேட்டால் மாற்றத்தின் பெரிய லாபம் இங்கேதான் கிடைத்தது. பழையதில் லிமிட் பிரேக் என்ற சிறப்புத் தாக்குதலை விட்டுவிட்டால், யாருக்கு எந்த மெட்டீரியா மாட்டுகிறீர்களோ அவர் அதுவாக ஆகிவிடுவார். கூட்டாளிகளில் ஒருவனான பாரெட்டை மருத்துவராக்கலாம், ஏரித்தை அடியாளாக்கலாம். ரீமேக்கில் உடம்பு என்று ஒன்று வந்துவிட்டது. இன்னொரு கூட்டாளியான டிஃபாவின் குத்துகள் எதிரி நிலைகுலைந்திருக்கும் நேரத்தில் அவன் வாங்கும் சேதத்தின் சதவீதத்தையே ஏற்றிவிடும். பாரெட்டின் கையில் பொருத்திய துப்பாக்கி எட்டாத இடத்தில் இருப்பவனைத் தொடும். கிளவுட் பனிஷர் நிலைக்குப் போனால் நடை மெதுவாகி அடி கனமாகும், நின்று தடுத்தால் தானாகவே திருப்பி வெட்டுவான். மூன்று பேரும் மூன்று விதமாக ஆட வேண்டிய ஆட்கள்.

சண்டை முடிந்ததும் பாரெட் சில நேரம் பழைய வெற்றி இசையை வாயாலேயே பாடுவான். அந்த இசை ஒலிக்கும் தனி வெற்றித் திரை புது வடிவத்தில் இல்லை, ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு விரல் வேகம் கிடையாது. ஆட முடியுமா?

தாராளமாக. கிளாசிக் மோடில் அடிப்பது, தடுப்பது, விலகுவது எல்லாம் தானாக நடக்கும். பட்டை நிரம்பியதும் மெனுவில் கட்டளை கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. முதலில் அது ஈசி அளவு சுலபத்தில் மட்டுமே இருந்தது. 2021-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த இன்டர்கிரேடு பதிப்பில் நார்மல் அளவிலும் சேர்த்தார்கள். நடுவில் ஆசை வந்தால் பட்டனைத் தட்டி நீங்களே இயக்கலாம், விட்டால் மறுபடி தானாக ஓடும்.

எது சரியாக மாறவில்லை?

பறக்கும் எதிரிகள். பழையதில் எதிரி பறப்பது வெறும் படம். ரீமேக்கில் அது உண்மையான உயரம். கிளவுட் தாவித் தாவி அரைகுறையாக வெட்டுவான், கேமரா எங்கோ பார்க்கும். கையில் பாரெட்டும் இல்லாமல் மந்திரமும் தீர்ந்திருந்தால் எரிச்சல்தான். 2024-இல் வந்த இரண்டாம் பாகமான ரீபர்த்தில் கிளவுட்டுக்கு வானில் நின்று அடிக்கும் வழிகள் கொடுத்து இதைச் சரிசெய்தார்கள்.

அப்புறம், சுவர் இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்து நுழைந்து போகும் காட்சிகள். அடுத்த இடம் பின்னணியில் ஏறும்வரை நேரம் கடத்தும் வித்தை அது என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றும் உறுத்தும். முதல் பதிப்பில் கிளவுட் தங்கும் அறையின் கதவு மங்கலான ஒரு படமாக வந்து ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானது. இன்டர்கிரேடில் அது சரியானது.

மறுபக்கம், மாற்றம் அட்டகாசமாக வந்த இடமும் உண்டு. பழையதில் சேரிப் பகுதியில் திடீரென்று வரும் சாதாரண எதிரிகளில் ஒன்று, கை கால் முளைத்த ஒரு வீடு. ஆடிவிட்டு மறந்துவிடலாம். ரீமேக்கில் அதைக் கூட்டம் ஆர்ப்பரிக்கும் சண்டை அரங்கில் பாஸாக இறக்கினார்கள். ஜன்னல் சிவப்பாக ஒளிர்ந்தால் நெருப்பு, பனி மந்திரம் போடு. நீலமாக ஒளிர்ந்தால் பனி, நெருப்பு போடு. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டுவிடாமல் பெரிதாக்கியதற்காகவே குழுவுக்குக் கை கொடுக்கலாம்.

ஒரே கேமை ஏன் மூன்று துண்டாக்கினார்கள்?

2020-இல் வந்தது மிட்கார் நகரத்தோடு முடிகிறது. பழையதில் அது முதல் சில மணி நேரம் மட்டுமே. ரீமேக்கில் 18 அத்தியாயம், 30 மணி நேரத்துக்கு மேல். வரைந்து வைத்த பின்னணிப் படத்தில் ஒரு தெருவைக் காட்டுவது சுலபம், நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கக்கூடிய தெருவைக் கட்டுவது சுலபமில்லை. அதே தரத்தில் உலகம் முழுவதையும் ஒரே கேமில் அடைப்பது நடக்காத காரியம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நீட்டிய விதத்தைத்தான் முழுதாக ஏற்க முடியவில்லை. ஷின்ராவை எதிர்க்கும் குழுவின் ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூவரும் பழையதில் சில வசனங்களோடு போய்விடுவார்கள். ரீமேக்கில் ஜெஸ்ஸியின் வீட்டுக்கே போகிறோம், அதனால் பின்னால் நடப்பது வலிக்கிறது. இது நல்ல நீட்டல். அதே கேம் உங்களைச் சாக்கடைக்குள் இரண்டு முறை அனுப்புகிறது, பூனைகளைத் தேடவிடுகிறது, முடிவை நெருங்கும் நேரத்தில் ஷின்ரா விஞ்ஞானி ஹோஜோவின் ஆய்வுக்கூடத்தில் நெம்புகோல்களை இழுக்கவைக்கிறது.

கதையை மாற்றிவிட்டார்களா? (லேசான ஸ்பாய்லர்)

பெரும்பாலான சம்பவங்கள் அதேதான். ஆனால் சாம்பல் நிறத்தில் முக்காடிட்ட ஆவிகள் அவ்வப்போது வந்து, கதை பழைய பாதையை விட்டு விலகும்போதெல்லாம் இழுத்துப் பிடிக்கின்றன. பழையதை மாற்றாதே என்று முறைக்கும் ரசிகர்களையே பாத்திரமாக்கிவிட்டார்களோ என்று சிரிப்பு வரும். யோசனை கெட்டிக்காரத்தனமானது. கடைசி அத்தியாயத்தில் அதையே அடித்துத் துவைக்கும் பிரமாண்டச் சண்டை மட்டும் என் ரசனைக்கு அதிகம்.

இனி எல்லா ஆர்பிஜியும் ஆக்‌ஷன்தானா?

எதிர்த்திசையிலும் வண்டி ஓடுகிறது. பால்டர்ஸ் கேட் முதல் இரண்டு பாகங்கள் ரியல் டைமில் ஓடின, தேவைப்பட்டால் நிறுத்திக்கொள்ளலாம். 2023-இன் மூன்றாம் பாகம் முழு டர்ன் பேஸ்டு, அது எவ்வளவு பெரிய வெற்றி என்று சொல்லத் தேவையில்லை. தெருச்சண்டைக்குப் பேர்போன யாகுசா வரிசை 2020-இல் டர்ன் பேஸ்டுக்குப் போனது. 2025-இல் வந்த கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 முறை வைத்தே அடிக்கிறது, ஆனால் எதிரியின் முறையில் நீங்கள் சரியான நொடியில் விலகவோ தட்டிவிடவோ வேண்டும். நிஜமான உருவத்தை வரிசையில் நிறுத்தினால் ஒட்டாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இன்னொரு விடை இது.

எதை முதலில் ஆடுவது, பழையதா புதியதா?

பொறுமை இருந்தால் பழையது. ஆவிகள் எதை இழுத்துப் பிடிக்கின்றன என்பது அப்போதுதான் புரியும். பொறுமை இல்லையென்றால் நேராக இன்டர்கிரேடு, அதில் யுஃபி என்ற நிஞ்சாப் பெண்ணின் தனிக் கதையும் இருக்கிறது. அதை முடித்துவிட்டு ரீபர்த்துக்குப் போங்கள். ரீபர்த்தை முதலில் எடுக்க வேண்டாம், ஒன்றும் பிடிபடாது. மூன்றாம் பாகம் உருவாகிக்கொண்டிருக்கிறது.

ஹார்டு மோடு தேவையா?

முதல் முறை கிடைக்காது, ஒரு தடவை முடித்த பிறகுதான் திறக்கும். அதில் பொருள்களைப் பயன்படுத்தவே முடியாது. வழியில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் ஹெச்பி நிரம்பும், எம்பி நிரம்பாது. ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கும் எம்பியைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். தேளிடம் இரண்டு மின்னலை வீணடித்தால் பல அறைகள் தள்ளி அது உங்களைக் கடிக்கும். பழைய ஆர்பிஜியின் சிக்கனக் கணக்கை விரும்புபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. மற்றவர்கள் நார்மலோடு நிறுத்திக்கொள்ளலாம், கதையில் எதையும் இழக்க மாட்டீர்கள்.